கிழக்குப் பக்கத்து மண்

ஆகஸ்ட் 18, திங்கள்

துணி துவைக்க எடுத்தபோது உஷாவின் வேலைச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி களிமண் விழுந்தது. பாலித்தீன் உறையில் கட்டி, மேலே ஏதோ எண் போட்டிருந்தாள். தூக்கிப் போடலாமா என்று கேட்டேன். குளியலறையிலிருந்தே கத்தினாள்: "ஐயோ, அது வில்லியனூர் கல்யாண மண்டபங்க!"

கல்யாணமாகி ஒன்பது வருடம். ஒரு மண்டபத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் யாராவது மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டால், கட்டடம் கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதித்துச் சொல்லும் இன்ஜினியர் என்பேன். "மண்ணுல இன்னா சார் இருக்கு சோதிக்க?" என்பார்கள். எனக்கும் முழுதாகத் தெரியாது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். பாகூர் ஏரிப் பக்கம் வாங்கிய மனையில் வீடு ஆரம்பிக்கப் போகிறாராம். "நம்ம ஊட்டுலயே ஆளு இருக்கும்போது வெளிய எதுக்குப் போவணும்? ஞாயித்துக்கெழம வந்து பாத்துடு உஷா." குரலில் பெருமை. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மனையில் உஷாவின் ஆட்கள் முக்காலி நட்டு, கயிற்றில் இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் கம்பி மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று உஷா பார்த்துக்கொண்டே இருந்தாள். மேற்குப் பக்கம் குண்டு விழும்போது கம்பி முறைத்துக்கொண்டு நின்றது. கிழக்குப் பக்கம் தயிரில் கரண்டி போவதுபோல் போனது.

கம்பி முனையிலிருந்த குழாயில் சிக்கி வந்த மண்ணை விரல்களுக்கு நடுவே தேய்த்தாள், முகர்ந்தாள். சாம்பல் நிறம், உள்ளே சின்னச் சின்ன நத்தை ஓடுகள். இன்னொரு இடத்தில் போடச் சொன்னாள், அப்புறம் இன்னொன்று. வெயிலில் முகம் சிவந்து நின்றவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் சாவி எங்கே வைத்தோம் என்று தேடுகிறவள் இவள்தானா?

செப்டம்பர் 2, செவ்வாய்

அண்ணன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள்.

"கிழக்கால பாதி பழைய குட்டை, பெரிய மாமா. எவனோ மண்ணு கொட்டி தூத்துட்டு வித்துருக்கான். மேக்கால நல்ல கெட்டி மண்ணு. வூட்ட அந்தப் பக்கம் தள்ளி, அகலத்தக் கொறச்சு மாடியா ஏத்திக்கலாம்."

"மண்ணப் பாத்து சொல்லுன்னா நீ இன்னாம்மா, வூட்டயே நவுத்தற?"

"நாம இப்ப நவுத்தலன்னா அது பின்னால தானா நவுரும் மாமா."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அண்ணி உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. வரும் வழியில், கொஞ்சம் நெளிவு சுளிவாகச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எவ்ளோ நெளிவு சுளிவா சொன்னாலும் குட்டை குட்டைதானேங்க."

செப்டம்பர் 3

அண்ணன் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பூமி பூஜை. ஆவணி போனால் புரட்டாசி, புரட்டாசியில் யார் வீடு ஆரம்பிப்பார்கள் என்று அண்ணன் பழைய வரைபடத்தையே வைத்துத் தொடங்கிவிட்டார். என்னை மட்டும்தான் கூப்பிட்டார். உஷாவும் கிளம்பினாள். யாரும் அவளிடம் பேசவில்லை. விபூதி வாங்கிக்கொண்டு நேராக இன்னாசி மேஸ்திரியிடம் போனாள்.

"கிழக்கால தோண்டும்போது பாத்துக்குங்கண்ணே. எடுக்கற மண்ண ஓரத்துலயே கொட்டாதீங்க, அந்த பாரத்துலயே சரிஞ்சிடும்."

"கெட்டி மண்ணு வர்ற வரிக்கும் தோண்ட சொல்லிக்கிறாரும்மா."

"அது சீக்கிரம் வராதுண்ணே."

செப்டம்பர் 14, ஞாயிறு

படுக்கப் போகுமுன் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாளும் நேற்றும் மாலையில் நல்ல மழை. காலையில் உஷா, "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள். மறுபடி எதற்கு வம்பு என்று நினைத்தபடியேதான் வண்டியை எடுத்தேன்.

கிழக்குப் பக்கப் பள்ளம் ஆளுயரத்துக்கும் மேலே போயிருந்தது. எடுத்த மண் முழுதும் ஓரத்திலேயே குவிந்து கிடந்தது. உள்ளே மேஸ்திரியும், சேற்றை வாரிக்கொண்டு சித்தாள் ரோசம்மாளும் இன்னொரு பெண்ணும். உஷா பள்ளத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு விரிசல், விரல் நுழையும் அளவுக்கு.

அப்புறம் ஒரு குரல். இத்தனை வருடத்தில் நான் கேட்காத குரல்.

"எல்லாரும் மேல வாங்க! அப்படியே போட்டுட்டு வாங்க! மேக்கு ஏணில ஏறுங்க!"

அண்ணன் ஓடி வந்தார். "யாரக் கேட்டு வேலய நிறுத்தற? என் மனைல நீ யாரு?"

அவள் திரும்பவே இல்லை. மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார், பெண்களை முன்னால் ஏற்றிவிட்டார். ரோசம்மாள் பாதி ஏணியில் நின்று மண்வெட்டிக்காகக் குனிந்தாள்.

"அந்த மண்வெட்டிய வுடுக்கா! வா!"

மேஸ்திரி கடைசியாக ஏறினார். அண்ணன் அவர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார். "இப்ப இன்னா ஆயிடுச்சி? கூலி ஆளுங்க முன்னால என்ன அசிங்கப்படுத்த..."

பள்ளத்தின் கிழக்கு மண்சுவர் முழுசாக உட்கார்ந்தது. பெரிய சத்தம் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். மண்வெட்டி, சட்டி, அவர்கள் நின்ற இடம்... எதுவும் இல்லை.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரோசம்மாள் உஷாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உஷா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் பதில் சொன்ன பிறகு, வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொண்டுபோனேன்.

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப."

செப்டம்பர் 16, செவ்வாய்

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காத்துக்கொண்டே இருக்கிறேன். நானாக இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பேன். எப்படி முடிகிறது இவளால்?

செப்டம்பர் 17, புதன்

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் வாசலிலேயே நின்றார். "வரைபடத்தக் கொண்டாந்துக்கிறேன். நீயே கோடு போடும்மா. எங்க போட்டாலும் சரி."

உஷா அவரை உட்காரச் சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தாள். "அக்கா, வூடு கொஞ்சம் ஒடுங்கும். எந்த ரூமு பெருசா வேணும்னு நீங்க சொல்லுங்க. அதக் கொறைக்காம போடறேன்."

அண்ணி ரொம்ப நேரம் யோசித்தார். "சமையக்கட்டு" என்றார். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. பேசும்போதே கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் 3, புதன்

விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை. அண்ணன் மனையில் கிழக்கே அந்த இடம் மறுபடி குட்டையாகிவிட்டது, கொக்கு நிற்கிறது. மேற்கே தூண்கள் நேராக நிற்கின்றன. உஷா குடையோடு போய் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்து தும்மிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மதகடிப்பட்டிலிருந்து வரும்போது வழியில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பழக்கமான குரல்! யாரோ கடை கட்ட அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மொபெட்டை நடுரோட்டிலேயே போட்டுவிட்டு அண்ணன் அங்கே நின்று கத்துகிறார்.

"யோவ், மண்ணத் தள்ளிக் கொட்டுங்கய்யா! உள்ள ஆளு நிக்கறது தெரியல?"

"யாருய்யா நீ?" என்றான் ஒருவன்.

"யாரா இருந்தா இன்னா? மொதல்ல அவன மேல ஏறச் சொல்லு!"

பஸ் கிளம்பிவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருந்தவன் ஏறிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து உஷாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எவ்ளோ தூரம் தள்ளிக் கொட்டச் சொன்னாரு?"