நாலு புள்ளி ஏழு

8 ஏப்ரல் 2025, செவ்வாய்
முதல் ஷிப்ட் முடிந்து க்வார்ட்டர்ஸுக்கு வந்தேன். மோர் சாதம். கம்ப்யூட்டர் பிராசசரின் வேகத்தை 4.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4-க்கு ஏற்றினேன். தயாரித்த கம்பெனி வைத்துக் கொடுத்தது 3.6தான். பத்து நிமிடச் சோதனையில் ஹேங் ஆகவில்லை.
சரிதா அவள் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு இருபத்தாறு நாள்.

9 ஏப்ரல்
4.5.

11 ஏப்ரல்
4.7 வைத்தேன். வோல்டேஜும் கொஞ்சம் கூட்டினேன். அரை நிமிடம் 4.7 காட்டுகிறது, பிறகு தானாகவே 3.1-க்கு இறங்கிவிடுகிறது. சூடு நூறு டிகிரி. கருகிப்போகாமல் இருக்க அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஏற்றி ஏற்றி, முன்பிருந்ததைவிட மெதுவாக்கிவிட்டேன். நல்ல புத்திசாலி.

13 ஏப்ரல், ஞாயிறு
மாமனார் தெய்வசிகாமணி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்தார். "பொண்ணு நாளெல்லாம் சுவத்தையே பாத்துகினு கெடக்குது. நீங்க வந்து கூப்பிட்டாதாங்க வருவா" என்றார்.
"வேலை இருக்கு மாமா" என்றேன். என்ன வேலை? கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?
ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன், மருந்து வாங்கினேன், ஆட்டோ பிடித்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் சரிதா கேட்டாள்: "உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?" மறுநாளே கிளம்பிவிட்டாள்.
எனக்கு ஒன்றுமே இல்லையா? இப்போதும் தெரியவில்லை.

16 ஏப்ரல்
பக்கத்து க்வார்ட்டர்ஸ் செங்குட்டுவன் எட்டிப்பார்த்தார். "கவர போட்டுகினு ஓட்டினா சூடாவாதாங்க? மொதல்ல அத கழட்டுங்க."
எனக்குத் தெரியாதா? அனல்மின் நிலையத்துச் சாம்பல் உள்ளே போகக்கூடாது என்று, பழைய போர்வையை வெட்டி சரிதா தைத்த உறை. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். இந்த டவுன்ஷிப்பில் டிவி, மிக்சி எல்லாவற்றுக்கும் இப்படி ஒன்று உண்டு. இத்தனை நாளும் எல்லா எண்ணையும் மாற்றிப் பார்த்தேன், அதை மட்டும் தொடவில்லை.

18 ஏப்ரல்
கழற்றினேன். 4.7 நிற்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டியும் எழுபத்தெட்டு டிகிரி தாண்டவில்லை. சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன் — வரவில்லை.
உறையைத் துவைத்தேன். மூன்று வாளித் தண்ணீர் கறுப்பாகப் போனது.

20 ஏப்ரல், ஞாயிறு
முத்தாண்டிக்குப்பம் போனேன். சரிதா வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "நாலு புள்ளி ஏழு நிக்குது" என்றேன். இப்படியும் ஒரு மடையன் உண்டா!
"அவ்ளோ வேகத்துல என்ன ஓட்டுறீங்க?"
"ஒண்ணும் இல்ல."
பிறகு கேட்டாள்: "நர்சம்மா கொழந்தைய காட்டறப்ப ஏன் வெளிய போனீங்க?"
"பயமா இருந்துச்சு சரிதா. பாத்துட்டா அப்பறம் என்னால முடியாதுன்னு..."
"நான் பாத்தேன். மூக்கு அப்படியே உங்க மூக்கு."
முடியல. அவங்க அப்பா அம்மா பாக்கறாங்கன்னுகூட தோணல. அங்கயே ஒக்காந்து அழுதேன்.

23 ஏப்ரல்
பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். அவளை அழைத்துப்போகவில்லை, நான்தான் இங்கே தங்கிவிட்டேன். காலையில் பலாச்சுளையை உரித்தபடி சரிதா என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் முகத்தைத் திருப்பவில்லை.