சரிந்த ஓடுகளுக்குக் கீழே இருந்தவள்

மச்சான், இன்று கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் கூரையில் புது ஏணியைப் போட்டோம். தலைப்பில் இரண்டு கொக்கிகள்; முகட்டைப் பிடித்துக்கொண்டு சரிவோடு படுத்துக்கிடக்கிறது. பக்கத்தில் ஓடு அடுக்கி வைக்க ஓர் இரும்புத் தாங்கி. பிரித்த ஓடுகளை அதில் அடுக்கினேன். ஒன்றுகூட அசையவில்லை. எனக்கு வேலையே ஓடவில்லை.

சில வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கிடங்கில் நாம் ஓடு மாற்றிய அன்று, நம்மிடம் இருந்தது மூங்கில் ஏணியும் கயிறும்தான். பிரித்த ஓடுகளுக்கு முட்டுக்கொடுத்திருந்த ரீப்பர் கட்டை பெயர்ந்ததும், மொத்த அடுக்கும் நகர்ந்தது. நீ குறுக்கே விழுந்து தோளைக் கொடுத்தாய். கீழே முற்றத்தில் பெண்கள் சுக்கு புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ளே, அவங்கள அங்கேருந்து மாத்து. நான் பிடிச்சுக்கிறேன்" என்றாய். சத்தம்கூடப் போடவில்லை.

அவர்களை அப்புறப்படுத்திவிட்டு, ஆட்களோடு மேலேறி ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். அதற்குள் உன் வலதுகை துவண்டுவிட்டது. அப்புறம் அது தோளுக்கு மேல் எழும்பவேயில்லை. கலூரில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக உட்கார்ந்தாய். ஞாயிறுதோறும் உன் தங்கை கையால் சாப்பிட வருவாய். அந்தப் பேச்சு வந்தால், "நாலு ஓட்டுக்காகக் கையக் குடுத்தவன் நான்" என்பாய். அந்தப் பெண்களைப் பற்றி நான் சொன்னால், அவர்களே எழுந்து ஓடியிருப்பார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

போன மழைக்கு முன்னால் ஜமீலா என்றொரு பெண் என்னைத் தேடிச் சாயாக் கடைக்கு வந்தாள். கூடவே ஒரு சிறுமி. அன்று சரியாக அந்த ஓடுகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் அவள்தானாம். மாசமாக இருந்தாளாம்; வயிற்றில் இருந்தது இந்தப் பிள்ளைதானாம். கால் மரத்துப்போய் எழவே முடியாமல், இரண்டு பேர் தூக்கித்தான் நகர்த்தினார்களாம். உன்னைப் பார்க்க வேண்டும் என்றாள்.

உடனே போன் செய்தேன். உன் பக்கம் ஒரே பஸ் இரைச்சல். "ஒண்ணும் கேக்கல மாப்ளே. ஞாயித்துக்கிழமை வர்றேன்ல, நேர்ல சொல்லு" என்றாய்.

வெள்ளிக்கிழமை, அந்த லாட்ஜ் நாற்காலியிலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது.

துக்க வீட்டுக்கு ஜமீலா மகளோடு வந்தாள். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு தணிந்த குரலில், "சேட்டன்ட பேரு என்னா?" என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

அது சொன்ன விதம் என் காதிலேயே இருக்கிறது, மச்சான். நீ கேட்டிருக்க வேண்டியது.