குட்டை ஸ்பிரிங்

மார்ச் 4

மாமாவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியவர் பல்போடு சேர்ந்து இறங்கினார். அதற்கு முதல் நாள்தான் தன் பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்சைக் கழற்றிப் போட்டிருந்தார். வராந்தா முழுக்கச் சக்கரமும் பிளேட்டும் செயினும். பேப்பர் எடுக்கப் போகக்கூட வழியில்லை.

என் கணவருக்கு ஆயில் வாசனை பட்டாலே தும்மல். அப்பாவின் வண்டி ஆயில் என்றால் கூடவே இரண்டு தும்மல். எனவே வேலை என் தலையில் விழுந்தது.

"நீ கை, நான் வாய். அவ்வளவுதாம்மா," என்றார் மாமா. கண்ணாடிக் கடையில் கோணல் ஃபிரேம்களை நிமிர்த்துகிறவள் நான். அந்தத் தகுதி போதுமாம். டாக்டர் கைக்கு மட்டும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

மார்ச் 5

பிளேட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன். கடைக்கு வந்த ஒரு அம்மா மூக்கைச் சுளித்துவிட்டு, வேறு ஆள் இல்லையா என்று கேட்டார்.

மார்ச் 8

மாமாவின் தம்பி வந்திருந்தார். வராந்தாவைப் பார்த்ததும், "அண்ணே, அண்ணி விழுந்த கதையைச் சொல்லு," என்றார். மாமாவுக்குச் சொல்லவா வேண்டும்? கட்டுப் போட்ட கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னார். சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தார், அத்தை பின்னால் ரோட்டில். இவர் இரண்டு தெரு வரைக்கும் தனியாகப் பேசிக்கொண்டே போயிருக்கிறார். "மூட்டையைக் கட்டி வெச்சாலும் விழாது, இவ விழுந்தா. உக்காரத் தெரியணுமில்ல?"

அதோடு அத்தை அந்த வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டார். எங்கே போனாலும் பஸ்தான். மாமா வண்டியை 'இவர்' என்பார், அத்தை 'அது' என்பார்.

"நான் நேராத்தான் உக்காந்திருந்தேன்," என்று டீ கொடுத்தபடி அத்தை சொன்னது சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இத்தனை வருடங்களில் நானும் அந்தக் கதைக்குச் சிரித்திருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10

என்ஜின் பக்கத்துப் பல்சக்கரமும் கிளட்ச் பக்கத்துப் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் இணைக்கிற செயின் கோணலாக ஓடித் தேய்ந்துபோகும். பார்ப்பதற்கு நேரான பட்டை ஒன்று வேண்டும். அத்தை துணி வெட்டும்போது வைக்கிற இரும்பு ஸ்கேலைக் கடன் வாங்கினேன். இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே வைத்தால் ஒரு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. என்ஜின் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய வாஷர் ஒன்றைச் சொருகினேன். வெளிச்சம் போய்விட்டது. மாமா தானே செய்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"என் ஸ்கேலு?" என்று உள்ளேயிருந்து குரல். நாளைக்கு, அத்தை.

மார்ச் 11

ஸ்கேலை இன்றும் கொடுக்கவில்லை. வேண்டாத வேலை பார்த்துவிட்டேன்.

கிளட்ச் ஸ்பிரிங் நான்கையும் தரையில் நிறுத்தி, சும்மா, மேலே ஸ்கேலை வைத்தேன். மூன்று தொட்டன. ஒன்று தொடவில்லை. குட்டை.

"அது அப்படித்தாம்மா வந்தது," என்றார் மாமா. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி... ஒண்ணு சாக்கடையில விழுந்துடுச்சு. கடையில வேற வண்டியோடதுதான் இருந்துச்சு. கிட்டத்தட்ட ஒரே உயரம்."

ஒரு பக்க ஸ்பிரிங் மட்டும் குட்டையாக இருந்தால் கிளட்ச் பிளேட் கோணலாகத் தூக்கும், கோணலாகப் பிடிக்கும். வண்டி மெல்ல நகராது, குதித்துக் கிளம்பும்.

"எப்ப மாட்டினீங்க?"

மாமா தெருவைப் பார்த்தார். "அவ விழறதுக்கு முந்தின வாரம். எப்பவும் போல மாட்டிடும்மா. அவகிட்ட சொல்லாதே."

மார்ச் 12

சொல்லவில்லை. மாட்டவும் இல்லை. ஒரு மனுஷி பாதி ஆயுசா பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறா — எதுக்கு? ஒரு குட்டை ஸ்பிரிங்குக்கு! இவருக்கு ஒரு சிரிப்புக் கதை! எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது? என் அத்தைங்கறதாலயா? இல்ல, நானும் சேர்ந்து சிரிச்சதாலயா?

மாமாவிடம் சொல்லிவிட்டேன்: புது ஸ்பிரிங் செட் வந்தால்தான் கை வேலை செய்யும். வாய் தனியாக மாட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 15

வாய் மௌன விரதம்.

மார்ச் 19

பழைய வண்டிச் சாமான் கடைக்காரர் புது ஸ்பிரிங் செட்டை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். மாமாதான் போன் செய்திருக்கிறார், இடது கையால்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே பேசினார். "ஸ்பிரிங் ஒண்ணு குட்டையா இருந்திருக்கு. அதான் அது குதிச்சிருக்கு." முதல் தடவையாக வண்டியை 'அது' என்றார்.

"எப்ப இருந்து?" என்றார் அத்தை.

மாமா தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"எப்ப இருந்துன்னு கேட்டேன்."

"அன்னிக்கும்தான்."

என் கணவர் தும்மினார், பக்கத்தில் ஆயிலே இல்லாமல். அத்தை எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவினார். மாமாவின் தட்டைக் கழுவவில்லை.

மார்ச் 23

புது ஸ்பிரிங்குகளை மாட்டி, நான்கு நட்டையும் ஒரே அளவு இறுக்கினேன். லீவரை அழுத்தியபோது பிளேட் ஒரே சீராகத் தூக்கியது. ஸ்கேலைக் கேட்டு வந்த அத்தை குனிந்து பார்த்தார். "இன்னொரு தடவை அழுத்து," என்றார். அழுத்தினேன். "ம்." ஸ்கேலை வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 3

மாமாவின் தம்பி கதை கேட்டாராம். "மறந்துபோச்சுடா," என்றாராம் மாமா.

ஏப்ரல் 25

கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. மாமா தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. தன் கைக்குட்டையால் பின் சீட்டைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

அத்தை பையோடு வெளியே வந்தார். "துணிக்கடைக்குப் போகணும். பஸ் இப்போதைக்கு வராது," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி குதிக்கவில்லை, நழுவிப் போனது. தெருமுனைக்குப் போவதற்குள் மாமா எத்தனை தடவை திரும்பிப் பார்த்தார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். அத்தை இறங்கிப் பையை என்னிடம் கொடுத்தார்.

"நான் சரியா உக்காந்தேனா?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா ஹெல்மெட்டைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"எப்பவும் போலத்தான்," என்றார்.