அவருடைய செவ்வாய்க்கிழமைகள்

மார்ச் 3, செவ்வாய்

சூப்பர்மார்க்கெட்டில் மறுபடியும் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டார்களாம். சோப்பு இருந்த இடத்தில் பிஸ்கட், பிஸ்கட் இருந்த இடத்தில் காலுறை. வந்தவர்கள் நாலு சுற்றுச் சுற்றினால் நாலு பொருள் கூடுதலாக எடுப்பார்கள் என்ற எண்ணம். யார் கண்டுபிடித்தாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

முப்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமைக் கடை என் வீட்டுக்காரருடைய வேலை. பேருந்து ஓட்டிய காலத்தில் அன்றுதான் வார விடுப்பு. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒரு நாளுக்காகத்தான் சவரமே செய்துகொள்கிறார். இன்று திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல், அவசரமாகப் பையைப் பிரிக்கத் தொடங்கினார்.

மார்ச் 6

புது சோப்பின் உறையைக் குப்பையில் போடும்போதுதான் பார்த்தேன். நாய்களுக்கான சோப்பு. மூன்று நாளாக இரண்டு பேரும் அதில்தான் குளித்திருக்கிறோம். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. உறையில் உள்ளங்கை அகலத்துக்கு நாயின் படம் இருக்கிறது. அதுகூடவா தெரியவில்லை? போன வருடம் கண் டாக்டரிடம் தனியாகப் போய்வந்து, "கண்ணாடி மாத்தணுமாம், அவ்வளவுதான்" என்றார். மாற்றவும் செய்தார். அவ்வளவுதானா?

மார்ச் 8

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பாவ இனிமே கடைக்கு அனுப்பாதீங்கம்மா. நான் இங்கேருந்தே ஆர்டர் போடறேன், வீட்டுக்கே வந்துடும்" என்றாள்.

சொல்வது சுலபம். அனுப்பாமல் நிறுத்தினால் இந்த மனிதர் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்காருவார். அப்புறம் எழுந்திருக்க மாட்டார். அதற்குப் பயந்துதான் அவரிடம் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

நூலகத்துக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, மகளின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். வேவு பார்க்க வந்தவளுக்கு வாய்த்த தள்ளுவண்டி, ஊரையே கூட்டுகிற மாதிரி கீச்சிட்டது. அதை விட்டுவிட்டு ஒரு கூடையை எடுத்துக்கொண்டேன்.

அடியை எண்ணி எண்ணி நடக்கிறார், உதடு அசைகிறது. ஒவ்வொரு டப்பாவையும் தடவிப் பார்க்கிறார். காய்கறியை நிறுக்க அவர் வரிசையில் நின்ற நேரம் அவருடைய வண்டியை எட்டிப் பார்த்தேன். எலுமிச்சைப் படம் போட்ட மஞ்சள் பாட்டில். ஜூஸ் என்று நினைத்திருப்பார். பாத்திரம் கழுவுகிற திரவம். எடுத்துவிட்டு ஜூஸை வைத்தேன். இன்னும் இரண்டு பொருள் மாற்றினேன்.

வீட்டில் சீட்டியடித்துக்கொண்டே எல்லாவற்றையும் அடுக்கினார். ஒன்றும் தப்பில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, என்னை நினைத்து. வெட்கக்கேடு.

மார்ச் 17, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

அவருடைய வண்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தேன். பின்னாலிருந்து "அம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல். புதுக் காவலாளி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டான். வாயைத் திறந்தால் இவருக்கு என் குரல் கேட்டுவிடும். பேசாமல் நின்றேன். திருடி என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

அவன் விடவில்லை. இவரைக் கூப்பிட்டான். "சார், இந்தம்மா உங்க வண்டியிலேருந்து எடுத்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

இவர் திரும்பினார். இரண்டடி தூரம். நேராக என் முகத்தைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோமே என்று அசட்டுச் சிரிப்புக்கூடச் சிரித்தேன்.

"இல்லப்பா. யாருன்னு தெரியல" என்றார். "பாவம், ஏதோ தேவைக்கு எடுத்திருப்பாங்க. விட்டுடு."

யாருன்னு தெரியலையாம். நான்... நாப்பத்தோரு வருஷம் கூட இருக்கேனே, என் மூஞ்சி தெரியலையா உங்களுக்கு?

"நான்தாங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வண்டியைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது.

மார்ச் 18

அவராகவே சொன்னார். "நேரா பாத்தா நடுவுல ஒண்ணுமே இல்ல. ஓரத்துல மட்டும் தெரியும். சரி பண்ண முடியாதுன்னுட்டாரு கண் டாக்டரு."

"எப்பலேருந்து?"

"உன் முகம் போயி ஆறு மாசமாச்சு."

ஆறு மாதமாக எத்தனை தடவை இவரிடம் கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்! அத்தனையும் வீண். அதைச் சொன்னேன். முதலில் அவர் சிரித்தார். அப்புறம் நான் அழுதேன்.

மார்ச் 24, செவ்வாய்

போக மாட்டேன் என்றுவிட்டார். நாற்காலி.

நானே போனேன். "ஒண்ணே ஒண்ணுதாங்க" என்று வரிசையில் எனக்கு முன்னால் நுழைந்த பெண்மணி, முதுகுக்குப் பின்னாலிருந்து ஏழு பொருளை எடுத்து வைத்தாள். நாமே பில் போட்டுக்கொள்கிற இயந்திரமோ, பையில் வைத்த பொருளையே மறுபடி பையில் வைக்கச் சொல்லி என்னை அதட்டியது. வீட்டுக்கு வந்து புலம்பினேன். அவர் ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

திட்டியிருக்கலாம்.

மார்ச் 31, செவ்வாய்

இன்றும் வரவில்லை. சவரமும் செய்யவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்களுக்காகக் கூப்பிடல. எனக்குப் பழம் பாத்து எடுக்கத் தெரியல. வர்றீங்களா, இல்லையா?" என்று கத்திவிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து, "நீ எழுத்தப் படி. நான் வண்டிய தள்ளறேன்" என்றார்.

வாசலில் அதே காவலாளி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் வேகமாக உள்ளே போகப் பார்த்தேன். இவர் நின்றுவிட்டார். அவன் சொன்ன வணக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. என் கை எங்கே என்று தடவித் தேடிப் பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, முப்பது வருடம் பேருந்து ஓட்டிய அந்தக் குரலில் சொன்னார்:

"தம்பி, இவங்க என் சம்சாரம். முகத்த நல்லா பாத்து வெச்சுக்கோ. எனக்குக் கண்ணு தெரியாது."

கண் தெரியாது என்று அவர் வாயால் நான் கேட்பது இதுதான் முதல் தடவை. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போய் முதலில் பழம் எடுத்தோம்.