நீ லேசாத்தான் மிதிச்சிருக்கே

சஃபீனா மகளே,

இந்த அத்தாவோட நீ பேச வேண்டாம், இத மட்டும் படி.

கார்ல நான் மாட்டின மீட்டர்ல விபத்து நடந்த அன்னிக்கு வண்டி ஓடினது பதிவாயிருக்கு. புக்கிட் மேரா கார்பார்க்ல நீ ஆக்ஸிலரேட்டர லேசாத்தான் மிதிச்சிருக்கே. டர்போவுல கரி பிடிச்சு இறுகி, எஞ்சினுக்குள்ள காத்த அளவுக்கு மேல தள்ளியிருக்கு. அப்படி ஆனா எஞ்சின் தானா அடங்கிடணும். அடிக்கடி எச்சரிக்கை லைட் எரியுதுன்னு அந்தப் பாதுகாப்ப வொர்க்‌ஷாப்ல எடுக்கச் சொன்னது நான்தான். அதனாலதான் வண்டி பாய்ஞ்சிருச்சு.

வண்டி இடிச்ச அந்தச் சீனப் பெரியவர் இன்னும் கண் முழிக்கல. ஆஸ்பத்திரியில அவரப் பாத்துட்டு, பதிவ எடுத்துக்கிட்டு போலீஸுக்குப் போறேன்.

பதினோரு மணிக்கு இன்சூரன்ஸ் ஆள் வருவாரு. எல்லாம் உன் தப்புன்னு நீயே அவர்கிட்ட சொல்லிடாதே லா. அடுப்புல நெய்ச்சோறு இருக்கு, அம்மாவச் சாப்பிட வை. நீயும் சாப்பிடு, மூணு நாளாச்சு.

வீட்டுச் சாவி ஷூ அலமாரி மேல. கார் சாவி என்கிட்ட இருக்கு, தேடாதே.

இன்னொண்ணு. ‘வண்டி தானா இழுக்குது அத்தா’ன்னு மூணு தடவ சொன்னே. மூணு தடவையும், கால அடக்கி ஓட்டுன்னு உன்னத்தான் திட்டினேன். அதையும் போலீஸ்ல சொல்லிடுவேன்.

அத்தா