இரண்டு முறை பூட்டியிருந்த வீடு

அண்ணாவுக்கு,

அண்ணியின் தலைவலி தேவலையா?

இன்று கதவைத் திறந்தால், கோர்ட் அமீனா அதில் சம்மனை ஒட்டிக்கொண்டிருந்தார். அப்பா வீட்டுக்காக நீங்கள் போட்ட வழக்காம். நான் ஆஜராகாவிட்டால் முழு வீடும் உங்களுக்காம்.

"ரெண்டு தடவை வந்தேம்மா, பூட்டியிருந்துச்சு. நீங்க எங்க போனீங்கன்னே தெரியலைன்னு உங்க அண்ணன் சொல்லிட்டாரு" என்றார்.

எந்தெந்த நாள் என்று கேட்டேன். இரண்டுமே, "அண்ணிக்கு முடியல, உடனே வா" என்று நீங்கள் கூப்பிட்ட நாள்கள். நான் உங்கள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலைவலிக்காரி டிவி பார்த்துச் சிரித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா, அண்ணா?

வாய்தாவுக்கு வருகிறேன். அன்று காலை அண்ணிக்குத் தலை வலித்தால், வெங்காயத்தை நீங்களே உரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காணாமல் போன தங்கை