சம்பந்திக்கு ஏற்ற றீல்

ஜனவரி 21, புதன்
மைனஸ் பதினொன்று. எங்கள் ஸ்டோவ்னர் குடியிருப்பின் நடைபாதையில் பனி உருக உப்புப் போட மறந்துவிட்டார்கள். குடியிருப்பாளர் சங்கம் மறக்காமல் போடுவது கூட்டம் மட்டுமே.

மகள் ஷெரினைக் கட்டப்போகும் ஹென்ரிக்கின் தகப்பன் தூரே, சனிக்கிழமை உறைந்த ஏரிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கவாம். சம்பந்திகள் பழக வேண்டுமாம். மீன் கடையிலும் கிடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஷெரின், தொலைபேசியில்: "அப்பா, ஒண்டே ஒண்டு கேக்கிறன். அங்கை போய் அந்த முகத்தை வையாதேங்கோ."
"எந்த முகம்?"
"இப்ப வைச்சிருக்கிற முகம்."

வெறுங்கையோடு போகக்கூடாது என்கிறாள் மனைவி. சரி, தூண்டில் நரம்பு சுற்றும் றீல்.

ஜனவரி 22, வியாழன்
றீல்களைப் பற்றி இரண்டு மணி நேரம் வாசித்தேன். பனித் தூண்டிலின் தடி ஒரு முழம். மீனும் சிறியது, தங்கூசி நரம்பும் மெல்லியது. பெரிய றீல் பூட்டினால் மணிக்கட்டுத்தான் வலிக்கும். மிகச் சிறியது என்றால் தங்கூசி ஸ்பிரிங் போலச் சுருண்டு நிற்கும். முடிவு: 1000 என்று அளவு எண்ணிட்டது.

மாலை, திராமன் ஊரிலிருந்து அன்ரன் தொலைபேசியில். மனைவியின் தம்பி, கேளாமலே ஆலோசகர்.
"என்ன அத்தான், ஆயிரமோ? சம்பந்திக்கு உள்ளங்கைக்குள்ளை அடங்கிறதையே குடுக்கிறது? சின்னனாக் குடுத்தா எங்களைச் சின்னனா நினைப்பினம். ஆறாயிரம் வாங்குங்கோ."
"அது கடல் மீனுக்கடா."
"நாங்கள் மன்னார் ஆக்கள். கடல் சனம்."
இவனுடைய தகப்பன் மன்னாரில் வைத்திருந்தது புடவைக் கடை.

ஜனவரி 23, வெள்ளி
கடை. நொர்வேஜிய மொழியில் கேட்டேன், ஆங்கிலத்தில் பதில். நான் இங்கே வரி கட்டத் தொடங்கியபோது அந்த விற்பனையாளர் பிறந்திருக்கவில்லை. 1000 வாங்கியாயிற்று.

நாளைக்கு: கம்பளி உள்ளாடை, தேநீர்ப் போத்தல், பொரித்த றோல்ஸ் பன்னிரண்டு (மனைவி), முகம் (ஷெரின்).

ஜனவரி 24, சனி
ஏரி. மைனஸ் பதினாலு. அழையாமலே அன்ரனும். கையில் மினுங்கும் தாள் சுற்றிய பெட்டி, உள்ளே 6000. தேங்காய் அளவு. நான் வானத்தைப் பார்த்தேன்.

தூரே தன்னுடைய தூண்டிலை எடுத்தார். ஒரு மரக்குச்சி, அதைச் சுற்றித் தங்கூசி. றீலே கிடையாது. என்னுடையதைத் திருப்பிப் பார்த்து, "நல்லது, நன்றி" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்ரனுடையதைக் கண்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். மார்ச்சில் வடக்கே கடலுக்குப் போகிறாராம், அதற்கு இதுதான் வேண்டுமாம், அன்ரனும் கூட வரவேண்டுமாம்.

றோல்ஸ் முழுவதும் அவர்களே முடித்தார்கள். அன்ரன் சுறாவைப் பற்றிச் சொன்ன பொய்கள் ஒன்பது. நான் துளையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு
தேவாலயத்தில் பூசை. பிரசங்கம் நீளம். மதியம் ஷெரின் தொலைபேசி எடுத்தாள். அழுத குரல்.
"உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லையோ எண்டு தூரே ஹென்ரிக்கைக் கேட்டவராம்."
"நான் ஒரு சொல்லும் சொல்லேல்லையே பிள்ளை."
"ஓம். அதுதான் அப்பா."
வைத்துவிட்டாள்.

குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த முகம் இருந்தது.

அன்ரனுக்கு எடுத்தேன். வாற சனியும் தூரேயோடு ஏரிக்குப் போகிறானாம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். 
"வாங்கோ அத்தான். ஒண்டும் வாசிச்சுப்போட்டு வராதேங்கோ."